தங்கிப் பார்த்த வீடு

செருப்புக் கடைக்கு வருபவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்வார்கள். புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக் கம்பளத்தின் மேல் நாலு எட்டு நடந்து பார்த்துவிட்டு, "பஞ்சு மாதிரி இருக்கு" என்று வாங்கிப் போய்விடுவார்கள். கம்பளத்தின் மேல் எந்தச் செருப்பும் பஞ்சு மாதிரிதான் இருக்கும். தெருவில் இறங்கி, வெயில் ஏறி, பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதுதான் கடிக்க ஆரம்பிக்கும். அதற்குள் ரசீதும் தொலைந்துபோயிருக்கும். வாழ்நாள் முழுவதும் செருப்புக் கடையில் நின்றவன் நான். ஆனாலும் வீட்டு விஷயத்தில் அதே தவறை நானும் செய்தேன். அங்கிருந்துதான் இது ஆரம்பிக்கிறது.

நிற்கிறீர்களே, உட்காருங்கள் அம்மா. உங்கள் அப்பா வீட்டில், உங்கள் அப்பாவின் நாற்காலியில் உட்காரச் சொல்லி உங்களையே நான் உபசரிப்பது வேடிக்கைதான். வாசற்படி ஏறியதும் ஏறாததுமாக, "எங்கப்பாவை என்ன பண்ணீங்க?" என்று கேட்டீர்கள். ஒரே வரியில் கேட்டுவிட்டீர்கள். நானும் ஒரே வரியில் பதில் சொன்னால் என்னைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். எதையும் மறைக்கப் போவதில்லை.

இதற்கு முன் நாங்கள் குடிபோன வீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். அத்தனை அமைதி. நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே முன்பணம் கொடுத்துவிட்டு வந்தோம். திங்கட்கிழமை காலையில்தான் சுவருக்கு அந்தப் பக்கம் இரும்புக் கதவு செய்யும் பட்டறை இருப்பது தெரிந்தது. என் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கண்ணுக்கு வேலை கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவள், வந்ததும் தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். அதைப் பார்த்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருப்பது எனக்கு எவ்வளவு வேதனையாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

ஒருநாள் அவள் சொல்லிவிட்டாள். "இனிமே ஒரு வீட்டைப் பார்த்துட்டு வந்து நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க. நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்கல்ல? முதல்ல அந்த ஏரியாவுல போய்த் தங்குங்க. குப்பை வண்டி எப்போ வருது, மழை பெஞ்சா தண்ணி எங்கே நிக்குது, பக்கத்து வீட்டுக்காரன் எப்படித் தும்முறான், எல்லாத்தையும் பார்த்துட்டு அப்புறம் வீடு தேடுங்க. எனக்கு லீவு கிடையாது. உங்களை நம்பித்தான் விடறேன்."

என்னை நம்பித்தான் விட்டாள். நானும் அதைக் காப்பாற்றினேன்.

அப்படித்தான் உங்கள் அப்பாவின் பின்னறைக்கு வந்து சேர்ந்தேன். தொந்தரவில்லாத ஆளாக இருந்தால் சில வாரங்களுக்கு மட்டும் தரப்படும் என்று முனைக் கடையில் எழுதி ஒட்டியிருந்தார். கதவைத் திறந்ததும் அவர் என் காலைப் பார்த்தார். நான் அவர் காலைப் பார்த்தேன். அவர் ஓய்வு பெற்ற தபால்காரர், நான் ஓய்வு பெற்ற செருப்புக் கடைக்காரன். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்த்துக்கொண்டவர்கள் இந்த ஊரிலேயே நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம். பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போய்விட்டது.

"எவ்வளவு நாளைக்கு?" என்றார்.

"ஏரியா பிடிக்குதான்னு தெரியற வரைக்குங்க ஐயா."

"பிடிச்சுதுன்னா?"

"வீடு தேடணும்."

"நல்லா தேடுங்க தம்பி," என்று வயிறு குலுங்கச் சிரித்தார். "இந்தத் தெருவுல ஒருத்தரும் வீட்டைக் காலி பண்ணினதா எனக்குத் தெரிஞ்சு கிடையாது. ஆளைத் தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு."

அந்த வழியை நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தயவு செய்து இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அந்த மாதிரி ஆள் இல்லை.

தினமும் காலையில் அவர் நடக்கப் போவார், நானும் கூடப் போவேன். ஒரு பேட்டையைத் தெரிந்துகொள்ள இதைவிடக் கொடுப்பினை வேறு என்ன வேண்டும்? ஒவ்வொரு கதவும் அவருக்கு அத்துப்படி. இந்த வீட்டு நாய் சீருடையைக் கண்டால்தான் குரைக்கும், வேட்டி சட்டைக்கு வாலாட்டும் என்பார். அந்த மாடி வீட்டம்மாவுக்கு வந்ததெல்லாம் கோர்ட்டுக் கடிதங்கள், ஆனால் மனுஷி கையெழுத்துப் போடும்போது சிரித்துக்கொண்டுதான் போடுவாள் என்பார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா ரேடியோவைத் தன் காதுக்கு மட்டும் கேட்கிற அளவில் வைத்துக்கொண்டு தைப்பதை நானே பார்த்தேன். சுவரில் காதை வைத்துக் கேட்டேன், பக்கத்து வீட்டு டிவி கேட்கவில்லை. மழை பெய்தது, தண்ணீர் நிற்கவில்லை. குப்பை வண்டி நாகரிகமான நேரத்தில் வந்து, நாகரிகமாக மணி அடித்துவிட்டுப் போயிற்று. சாயங்காலமானால் போனில் என் மனைவிக்கு ஒன்றுவிடாமல் சொல்வேன்.

"சமையலறையில காலை வெயில் வருதா?" என்று ஒருநாள் கேட்டாள்.

மறுநாள் காலையில் உங்கள் அப்பாவின் சமையலறையில் போய் நின்றேன். ஜன்னல் வழியாக வந்த வெயில் தரையில் இறங்கி, மெல்ல அடுப்புமேடை வரைக்கும் வந்து, சமைப்பவர் நிற்கும் இடத்தில் நின்றது. அந்த வெயிலில் என் மனைவி தலையில் துணி கட்டாமல் நிற்பதை நான் பார்த்துவிட்டேன். "வருது, வருது" என்று சாயங்காலம் அவளிடம் சொன்னேன். எந்த வீட்டில் என்று அவள் கேட்கவில்லை.

உடனே காரியத்தில் இறங்கிவிடவில்லை. நேர்வழி எல்லாவற்றையும் பார்த்தேன். தரகர்களைக் கேட்டேன், முனைக் கடைக்காரரைக் கேட்டேன், தையல்காரம்மாவைக் கேட்டேன். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் உங்கள் அப்பாவிடமே கேட்டுவிட்டேன். தனி ஆளுக்கு இவ்வளவு பெரிய வீடு எதற்கு, மகளோடு போய் நிம்மதியாக இருக்கலாமே என்றேன். அன்றைக்குத்தான் உங்கள் சாயங்காலப் பரீட்சையைப் பற்றிச் சொன்னார்.

நீங்கள் தேர்வுத் துறையில் வேலை பார்க்கிறீர்கள் என்பதை அவர் என்ன பெருமையாகச் சொல்வார் தெரியுமா? "ஊருக்கெல்லாம் பரீட்சை வெச்சுட்டு, மிச்சம் இருந்தா அப்பனுக்கு ஒண்ணு." தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் நீங்கள் கூப்பிடுவீர்கள். மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க, இன்னைக்கு என்ன கிழமை, நேத்து யார் வந்தாங்க, அதற்கு முந்தின நாள் நான் என்ன சொன்னேன். போன் வருவதற்கு முன்னால் தலையை வாரிக்கொள்வார். போனை ஸ்பீக்கரில் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வார். எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டால், "பாஸா மேடம்?" என்பார். நீங்கள் சிரிப்பது எனக்குப் பின்னறை வரை கேட்கும்.

ஒருநாள் நீங்கள் சிரிக்காமல் சொன்னதும் கேட்டது. "விளையாட்டு இல்லப்பா. ஒரு நாள் தடுமாறினா பரவாயில்லை. தொடர்ந்து தடுமாறினீங்கன்னா பெட்டியைக் கட்டிட வேண்டியதுதான். அடுப்பை அணைக்க மறந்துட்டா அங்கே யார் இருக்காங்க?"

"சரிம்மா, ஒத்துக்கறேன். தடுமாறினா நானே வந்துடறேன்," என்றார் அவர். அவ்வளவு தைரியம், தன் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஆக, இந்த வீடு காலியாக யாரையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. அவர் சில நாள் தடுமாறினால் போதும். அப்பாவும் மகளும் சேர்ந்து வைத்துக்கொண்ட விதி அது, நான் வைத்ததில்லை.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடையில் ஒருவர் ஒரு ஜோடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் இறுக்குதே" என்பார். பெரிய அளவு இருக்காது. நாங்கள் அதே ஜோடியை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போவோம். ஒரு வாய் தண்ணீர் குடிப்போம். அதே ஜோடியை வேறு பெட்டியில் வைத்துக்கொண்டு வந்து, "இதைப் போட்டுப் பாருங்க" என்போம். போட்டுப் பார்ப்பார். முகம் மலர்ந்துவிடும். "ஆங், இதுதான் சைஸ்!" நாங்கள் ஒரு பொய்யும் சொல்லியிருக்கமாட்டோம். போட்டுப் பாருங்கள் என்றுதானே சொன்னோம்? பொய் சொல்லி விற்பவர்களை எனக்கு ஆகவே ஆகாது. உங்கள் அப்பாவிடமும் உங்களிடமும் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வேண்டுமானால் கேட்டுக்கொண்டே வந்து, எங்கேயாவது பொய் இருந்தால் கையைத் தூக்குங்கள்.

முதல் தடவை தற்செயலாகத்தான் நடந்தது. நடந்துகொண்டிருக்கும்போது, பார்சலைப் பிரித்துப் பார்த்த ஒரு குரங்கின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். முடிவு எப்படி இருக்கும் என்று எனக்கு முன்பே தெரிந்துவிட்டது, சிரித்துவிட்டேன். அவர் நின்றுவிட்டார்.

"இதை முன்னாடியே சொல்லிட்டேனா தம்பி?"

"பரவாயில்லைங்க ஐயா, சொல்லுங்க," என்றேன்.

மரியாதைக்காகச் சொன்னதுதான். ஆனால் அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல அணைந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் எந்தக் கதையை ஆரம்பித்தாலும், கேட்ட கதையைக் கேட்பவனின் முகத்தை வைத்துக்கொண்டேன். உங்களுக்குத் தெரியும் அந்த முகம். தலை கொஞ்சம் முன்னாலேயே ஆடும், சிரிப்பு ஒரு வார்த்தை முந்திக்கொண்டு வரும். சில நாளில் அவர் கதை சொல்வதை நிறுத்திவிட்டார். நல்ல கதைகள், எனக்குத்தான் நஷ்டம்.

அடுத்தது ஷூ. அவர் நடக்கப் போகும் கறுப்பு ஷூ எங்கள் கடையில் காலங்காலமாக விற்கிற ரகம். அதே ரகத்தில், அதே நிறத்தில், அரை நம்பர் சிறியதாக ஒரு ஜோடியை என் பழைய கடையிலிருந்து வரவழைத்தேன். தபால் பை தொங்கிய தோளை ஈடுகட்ட இத்தனை வருஷம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தவர் அல்லவா, அவருடைய இடது குதிகாலின் வெளி ஓரம் மட்டும் தனியாகத் தேய்ந்திருக்கும். அந்தத் தேய்மானம் வர வேண்டும். மத்தியானம் அவர் கண்ணயரும் நேரத்தில் பின்னறையில் உப்புத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்து தேய்த்தேன். விரல் மடியும் இடத்தில் வரும் சுருக்கத்தை எண்ணெய் தடவி மடித்து மடித்துக் கொண்டுவந்தேன். இத்தனை சிரத்தையாக ஒரு ஜோடியை நான் யாருக்கும் தயார் செய்ததில்லை. ஒருநாள் அதை வாசலில் வைப்பேன், மறுநாள் அவருடையதை வைப்பேன்.

"நேத்துக் கடிச்சுது, இன்னைக்குக் கடிக்கலை. ஷூ வளருமா தம்பி?" என்றார்.

"ஷூ எங்கேயாவது வளருமாங்க ஐயா?"

"அப்போ எனக்குத்தான்..." என்று சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டார். குனிந்து தன் காலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கால்களை அவர் அதற்கு முன் சந்தேகப்பட்டதே இல்லை.

அன்று சாயங்காலப் பரீட்சையில் ஷூ சுருங்கி விரிவதைப் பற்றி உங்களிடம் அவரே சொன்னார். நீங்கள் சிரிக்கவில்லை. "பக்கத்துல அந்தத் தங்கியிருக்கிறவர் இருந்தா அவர்கிட்டக் குடுங்கப்பா" என்றீர்கள்.

நமக்குள் பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. "மத்தியானம் அப்பா சாப்பிட்டாரா?" என்று கேட்டீர்கள். அவர் சாப்பிட்டிருந்தார். பீன்ஸும் ரொட்டியும், தட்டைக்கூட அவரே கழுவி வைத்தார். "சாப்பிட்டாருங்க," என்றேன். ஒரு மூச்சு விட்டேன். "சாப்பிட்டாருங்க," என்றேன் மறுபடியும்.

அந்த இரண்டாவது 'சாப்பிட்டாருங்க' செய்ததுதான் பாதி வேலை. நான் சொன்னது முழு உண்மை. நீங்கள்தான் அதைப் பொய் என்று எடுத்துக்கொண்டீர்கள், அதுவும் ஒரு நல்ல மனிதன் உங்கள் மனம் நோகக்கூடாதென்று சொல்லும் பொய் என்று. உங்களைக் குறை சொல்லவில்லை அம்மா. பாசம் இருக்கிறவர்களின் காது அப்படித்தான் கேட்கும். அடுப்பை அணைத்தாரா என்று கேட்டீர்கள், "இன்னைக்கு அணைச்சுட்டாருங்க" என்றேன். அதுவும் உண்மை. என்றைக்கும்தான் அணைத்தார், நீங்கள் இன்றைக்குத்தானே கேட்டீர்கள்?

அதற்குப் பிறகு அவர் பரீட்சைக்குப் பயப்பட ஆரம்பித்தார். போன் மணி அடித்த பிறகும் எடுக்காமல் தலையை வாரிக்கொண்டே நிற்பார். ஒருநாள் புதன்கிழமையைச் செவ்வாய் என்று சொல்லிவிட்டார். அது என் வேலை இல்லை, அவரே சொன்னது. பயந்தவன் தப்பாகச் சொல்வான், பள்ளிக்கூடத்திலேயே பார்த்திருப்பீர்கள். "பாஸா மேடம்?" என்று கேட்பதையும் அதோடு விட்டுவிட்டார்.

ஒரு காலையில் சமையலறையில், அந்த வெயிலில் நின்றுகொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மறைக்காம சொல்லுங்க. நான் சரியாத்தானே இருக்கேன்?"

"நீங்க... நல்லாத்தான் இருக்கீங்க ஐயா," என்றேன்.

இதுவும் உண்மைதான். நடுவில் விட்ட மூச்சு மட்டும்தான் என்னுடையது.

அவர் என் கையை விட்டுவிட்டு, "மகள்கிட்டச் சொல்லிடாதீங்க" என்றார். நான் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் நீங்கள், "அப்பா எப்படி இருக்கார், உண்மையைச் சொல்லுங்க" என்று என்னைத் துருவித் துருவிக் கேட்டபோதுகூட, "சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாருங்க, மன்னிச்சுக்குங்க" என்றுதான் சொன்னேன். நீங்கள் அழுதீர்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவன் நான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

கடைசியில் பூட்டு. வாசல் பூட்டு பழசு, அரை மணி நேரம் மல்லுக்கட்டினால்தான் திறக்கும். மாற்றிவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் மிக்சியை ஓடவிட்டிருந்த நேரத்தில் சொன்னேன். "சரி சரி," என்று தலையை ஆட்டினார். மாற்றினேன். புதுச் சாவியை அலமாரியில், அவர் கண்ணாடி வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். கையில் கொடுத்திருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். கொடுத்திருக்கலாம்தான்.

மறுநாள் அவர் கதவை இழுத்துச் சாத்திவிட்டுத் தனியாக நடக்கப் போனார், சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு அது. நான் முனைக் கடையில் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பழைய சாவியைப் போட்டார். திறக்கவில்லை. திருப்பிப் போட்டார். இந்த வரிசை வீடுகள் எல்லாம் ஒரே அச்சு என்று உங்களுக்குத் தெரியும், ஒரே படி, ஒரே கதவு, ஒரே ஜன்னல். அவர் இரண்டடி பின்னால் வந்து வீட்டை அண்ணாந்து பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய், அந்தக் கதவில் சாவியைப் போட்டார். அங்கேயும் திறக்காமல் அதற்கும் அடுத்த வீட்டுக்குப் போனார். ஷூ காலைக் கடித்தது போலிருக்கிறது, நொண்டிக்கொண்டே போனார்.

தையல்காரம்மாதான் ஓடி வந்தாள். "ஐயா, அது உங்க வீடு இல்லை. உங்க வீடு அதோ," என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். இந்தத் தெருவின் ஒவ்வொரு கதவையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனிதருக்கு ஒருத்தி அவருடைய கதவைக் காட்டினாள். அவர் படியில் உட்கார்ந்து, சின்னக் குழந்தை மாதிரி அழுதார். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்து தண்ணீர் கொடுத்தேன். உங்களைக் கூப்பிட்டது நான் இல்லை, தையல்காரம்மாதான்.

நீங்கள் வந்தீர்கள். பெட்டியைக் கட்டினீர்கள். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஒத்துக்கொண்டதை ஒத்துக்கொண்டபடி செய்தார், அந்த விஷயத்தில் அவரைப் பாராட்ட வேண்டும். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப் பிறந்தவங்ககூட இப்படிப் பார்த்துக்கமாட்டாங்கண்ணா" என்றீர்கள். வீட்டை என்னிடமே வாடகைக்கு விடுவதாக நீங்களாகத்தான் சொன்னீர்கள். நான் வாயைத் திறந்து கேட்கவில்லை.

இப்போது டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, மூளைக்கு ஒரு குறையும் இல்லை, இந்த வயதில் இப்படி ஒரு ஞாபகசக்தியைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டார் என்கிறீர்கள். எனக்கு அது ஆச்சரியமே இல்லை. அதை அப்பாவிடம் சொன்னால் அவர் நம்பவில்லை என்றும் சொல்கிறீர்கள். "அவரும் என் மனசு நோகக்கூடாதுன்னுதான் சொல்றார்" என்கிறாராம். உங்கள் வீட்டில் குளியலறைக் கதவைத் திறப்பதற்கு முன்னால் உங்களைக் கூப்பிட்டு, "இதுதானே?" என்று கேட்கிறாராம். தெருவில் இறங்குவதே இல்லையாம். இதைக் கேட்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர். ஆனால் வேளாவேளைக்குச் சாப்பாடு, பக்கத்தில் மகள், என்ன குறை? கொஞ்ச நாளில் பழகிவிடும். புதிதாக எதைப் போட்டாலும் முதலில் கடிக்கத்தான் செய்யும்.

உங்களுக்கு இதையெல்லாம் சொன்னது என் மனைவிதான் என்று தெரியும். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. லாரியில் சாமான்களோடு வந்து இறங்கியவள், நேராகச் சமையலறைக்குப் போனாள். அந்த வெயிலில் நின்றாள். "அடேயப்பா, கரெக்டா பார்த்துத்தான் பிடிச்சிருக்கீங்க" என்றாள். அவள் என்னை அப்படிப் பாராட்டி எத்தனையோ காலம் ஆகிறது. அந்த ஒரு நாளுக்காக இதை மறுபடியும் செய்யச் சொன்னாலும் செய்வேன், சத்தியமாகச் சொல்கிறேன்.

பின்னறையை ஒழிக்கும்போது கட்டிலுக்கு அடியில் அந்தச் சிறிய ஜோடி அவள் கண்ணில் பட்டது. கண்ணாடிக் கடைக்காரியின் கண், செருப்புக் கடைக்காரனின் பெண்டாட்டி. ஜன்னல் பக்கம் போய்க் குதிகாலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நடந்து தேய்ந்தது மழமழவென்று இருக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது மங்கலாக இருக்கும்.

"இது யாரோடது?" என்றாள்.

சொன்னேன். அவளிடமும் நான் பொய் சொன்னதில்லை. இப்போது உங்களுக்குச் சொன்ன மாதிரியே முதலிலிருந்து, நிதானமாக, ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கத்தவில்லை. அடுப்பில் இருந்த டீயை இறக்கி வைத்துவிட்டு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரு வீட்டுக்குக் குடிவர்றதுக்கு இவ்வளவு நாள் தங்கிப் பார்க்கச் சொன்னேன்," என்றாள். "உங்களைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள்கூட நான் தங்கிப் பார்க்கலையே."

"உனக்காகத்தானே செஞ்சேன்?" என்றேன்.

"அந்தப் பெரியவரோட மகள் நம்பரைக் குடுங்க," என்றாள்.

கொடுத்தேன். நானே எழுதிக் கொடுத்தேன். இதை நீங்கள் யாரிடம் சொன்னாலும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, நீங்கள் கேட்டதற்கு இப்போது ஒரே வரியில் பதில் சொல்லலாம். உங்கள் அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவருக்கு அவர் மேல் இருந்த நம்பிக்கையை நான்தான் எடுத்தேன், தெரிந்துதான் எடுத்தேன், வீட்டுக்காக எடுத்தேன். போலீசில் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். அரை நம்பர் சிறிய ஷூவுக்கு அவர்களிடம் என்ன சட்டம் இருக்கிறது என்று பார்க்க எனக்கும் ஆசைதான். அந்த ஜோடி அதோ, மூலையில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டுங்கள். நம்புவாரா என்றுதான் எனக்குச் சந்தேகம். யாரோ அவரைத் தேற்றுவதற்காகச் செய்துகொண்டுவந்தது என்று சொன்னாலும் சொல்வார்.

வீட்டை எப்போது காலி செய்வேன் என்று கேட்கிறீர்கள். கையோடு செய்துவிடலாம், எனக்கு ஒன்றும் இல்லை. என் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அதுதான். அவள் ஊரின் அந்தக் கோடியில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். ஒரு கட்டில் போடும் இடம்தானாம், கண்ணாடிக் கடையில் அவளோடு வேலை பார்க்கிற பெண் சொன்னாள். விலாசம் மட்டும் சொல்லமாட்டேன் என்றுவிட்டாள். என் மனைவியும் போனை எடுப்பதில்லை. இந்த முறை அவளே நேரில் பார்த்து முடிவு செய்யலாம் என்று நினைத்திருப்பாள். ஏரியா பிடித்துவிட்டால் என்னைக் கூப்பிடுவாள்.